ஸ்ரீகோசமும் கோப்பும்: பழைய எழுத்துருக் கோப்புகளைத் திறக்கும் மென்பொருள்கள் குறித்து

‘ஸௌலப்யம்’ என்னும் சொல்லைத் திருவாய்மொழி வ்யாக்யானம் ஒன்றின் கணினிக் கோப்பில் தேடுகிறோம் என்று கொள்வோம். எம்பெருமானுடைய எளிமையைப் பேசவேண்டிய இடந்தோறும் உரையாசிரியர்கள் எடுத்தாளும் சொல் அது. அப்படியிருக்க, ‘இல்லை’ என்று கணினி விடை சொல்கிறது. திரையைக் கண்ணால் பார்த்தாலோ அச்சொல் அங்கே நிற்கிறது. கண் பொய் சொல்லவில்லை, கணினியும் பொய் சொல்லவில்லை. கோப்பினுள் கிடப்பது ‘ஸௌ’ என்னும் ஓர் எழுத்தன்று; ஸகரமும் எகரக் குறியும் அவற்றையடுத்து ஒரு முழு ளகரமும் ஆம். உருவத்தால் ஒன்றாகவும் உண்மையில் வேறாகவும் இருக்கும் இவ்வெழுத்துக்கோவை, பழைய எழுத்துருவிலிருந்து கோப்பை மாற்றிய ஏதோ ஒரு மென்பொருள் விட்டுச்சென்ற தடமாகும்.

இது எழுத்துப்பிழை திருத்துவார் கவலை என்று தள்ளிவிடக்கூடியதன்று. இன்ன உரையாசிரியர் இன்ன குணத்தை இத்தனை இடங்களில் எடுத்தார், இன்னார் எடுத்திலர் என்று எண்ணிக்கை காட்டி எழுதும் வழக்கம் நம் ஆய்வுக் கட்டுரைகளில் பெருகிவருகிறது. அந்த எண்ணிக்கை உரையாசிரியருடையதா, கோப்பைத் திறந்த மென்பொருளுடையதா என்று கேட்பாரில்லை. பாடபேதம் காட்டும்போது இன்ன ஸ்ரீகோசத்தில் இப்படி, இன்ன அச்சுப் பதிப்பில் இப்படி என்று குறிக்கத் தவறாதவர்கள், தாம் வாசித்த கணினிக் கோப்பு எந்தக் குறியாக்கத்திலிருந்து எந்தக் கருவியால் மாற்றப்பட்டது என்பதைக் குறிப்பதேயில்லை. மென்பொருளை ஒரு கண்ணாடி என்று எண்ணிவிடுவதே இதற்குக் காரணம். பழைய கோப்பைப் பொறுத்தவரை மென்பொருள் கண்ணாடியன்று. அது ஒரு லேககர். லேகக ப்ரமாதங்களை ஆராய்வதுபோலவே அதன் ப்ரமாதங்களையும் ஆராயவேண்டும் என்பதும், எந்த லேககரிடம் ஓலையைக் கொடுப்பது என்பதை அந்த ஆராய்ச்சியே முடிவு செய்யவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் பொருளின் இயல்பைக் காண்போம். கும்பகோணம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் என்று காவிரிக் கரையெங்கும் அச்சகங்கள் ஈயஎழுத்தைக் கைவிட்டுக் கணினிக்கு மாறிய காலம் ஏறக்குறைய 1990களின் பத்தாண்டு. அந்நாளில் தமிழுக்குக் கணினியில் பொதுவான குறியீட்டுமுறை வழக்கில் இல்லை. யூனிகோடு 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும் அச்சகக் கணினிகள் அதை அறியா. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் 0 முதல் 255 வரையுள்ள எண்களில் தமிழ் எழுத்துகளைத் தன் விருப்பப்படி அமர்த்திக்கொண்டது. கோப்பில் இருப்பவை எண்களே. 200 என்னும் எண் ஓர் எழுத்துருவில் ககரம், மற்றொன்றில் துணைக்கால் என்றிருக்கலாம். இணையத் தமிழர் ஒருங்குகூடித் திஸ்கி என்னும் முறையை வகுத்தனர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரண்டு முறைகள் அரசுத் தரமாயின. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பாமினி வேரூன்றியது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது, யூனிகோடையும் டேஸ்16 என்பதையும் தமிழக அரசு தரமாக ஏற்றது. இவற்றுக்கிடையே தட்டெழுதப்பட்ட மணிப்ரவாள நூல்கள் நெகிழ்தட்டுகளிலும் குறுந்தட்டுகளிலும் தங்கிப்போயின. அச்சிட்ட புத்தகம் தீர்ந்துபோன பின் அந்தக் கோப்பே மூலம். திறக்க முடியாவிடில் அத்தனையும் மறுபடி தட்டெழுதப்படவேண்டியதே.

இவ்வகைக் கோப்புகளின் முதற்குறை, தாம் இன்ன முறையில் எழுதப்பட்டோம் என்பதைத் தாமே சொல்லாமை. நம் பெரியோர் கூறும் ஒரு வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. காட்டுமன்னார்கோயிலில் நாதமுனிகள் செவியுற்றது திருக்குடந்தைப் பதிகம் ஒன்றே. அப்பதிகத்தின் பலச்ருதிப் பாசுரம், இது ஆயிரத்துள் ஒரு பத்து என்று தன் முழுமையின் அளவைத் தானே சொல்லிற்று. அதனாலன்றோ எஞ்சியது எங்கே என்று கேட்கவும், குடந்தைக்கும் பின்னர்க் குருகூருக்கும் செல்லவும், நாலாயிரத்தையும் பெறவும் கூடிற்று! தன் அளவையும் தன் இனத்தையும் உள்ளேயே சொல்லும் பாடம் இழப்பிலிருந்தும் மீளும். வெறும் எழுத்துக் கோப்பில் அப்படியொரு குறிப்பு இல்லை. இதனை உணர்ந்தே, 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் கோப்புகளின் தலையில் இது இன்ன குறியாக்கம், இன்ன வகை எழுத்துருவால் படிக்க என்று எழுதிவைத்தது. அச்சகக் கோப்புகளுக்கு அந்தப் பாக்யம் இல்லை.

ஆகவே திறக்கும் கருவி ஊகிக்கவேண்டியதாகிறது. ஊகம் எங்ஙனம் பிழைக்கிறது என்பதற்குப் பாமினியே நல்ல உதாஹரணம். அதில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்துகள் நான்கும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். எந்த மென்பொருளுக்கும் அது ஆங்கிலக் கோப்பாகவே தோன்றும். பிழையொன்றும் இல்லை என்றே திறந்து காட்டும். இடையே உண்மையான ஆங்கிலச் சொல் ஒன்று இருந்தால், மாற்றும்போது அதுவும் பொருளற்ற தமிழாகிவிடும். திஸ்கி, டாப் போன்றவற்றில் ஆங்கில எழுத்துகள் தம்மிடத்திலேயே நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறொரு தொல்லை. திஸ்கியில் ஸ்ரீ, ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய எழுத்துகள் 128க்கும் 159க்கும் இடைப்பட்ட எண்களில் அமைந்தவை. மேனாட்டு லத்தீன் தரத்தில் அந்தப் பகுதி எழுத்துகளுக்குரியதன்று, கட்டுப்பாட்டுக் குறிகளுக்குரியது. விண்டோஸ் அப்பகுதியை எழுத்துகளால் நிரப்பியபோதும் ஐந்து இடங்களை வெறுமையாக விட்டது. எனவே கோப்பை மேனாட்டு எழுத்தென்று ஊகித்துத் திறக்கும் எளிய பதிப்பிகளிற் சில, அவ்விடங்களில் கேள்விக்குறியையோ வெற்றிடத்தையோ வைத்துவிடும். திறந்து பார்த்ததோடு நில்லாமல் சேமிப்புப் பொத்தானையும் அழுத்திவிட்டால், போனது போனதே. தமிழ்ச் சிறுகதைக்கு இதனால் அதிகம் சேதமில்லை. மணிப்ரவாளத்துக்கோ, வேண்டிய எழுத்துகளே முதலில் பலியாகின்றன.

விண்டோஸ் கணினிகளின் குறியாக்கப் பட்டியலில் ‘தமிழ்’ என்று ஒரு பெயர் தென்படுவதைக் கண்டு சிலர் அதனைத் தேர்வதுண்டு. அது 1991இல் இந்தியத் தர அமைவனம் வகுத்த இஸ்கி. அச்சகத் தமிழ் எழுத்துருக்களோடு அதற்கு உறவில்லை. அதைத் தேர்ந்தால் ஒருவகைக் குழப்பம் போய் மற்றொருவகைக் குழப்பம் வரும். இரண்டாவது குழப்பம் தமிழ் எழுத்தாகவே இருப்பதால் ‘பாதி திறந்துவிட்டது’ என்று மயங்குவதும் உண்டு. பாதி திறந்த பூட்டு என்று ஒன்று இல்லை.

இனி மாற்றிகள். நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டரும், சுரதாவின் பொங்குதமிழும் பல்லாண்டுகளாகப் பலருக்கும் உதவியவை; அவற்றைச் செய்தவர்களுக்குத் தமிழுலகம் கடன்பட்டுள்ளது. குறைகூறுவதற்குமுன் அதைச் சொல்லியாகவேண்டும். ஆயினும் அவற்றின் பிறப்பிடத்தை மறத்தலாகாது. முதற்கூறியதன் பட்டியலில் தினமணி, தினத்தந்தி, பழைய விகடன் என்று இதழ்ப் பெயர்களே குறியாக்கப் பெயர்களாக நிற்பதைக் காணலாம். அந்நாளில் ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்ததால் வந்த பெயர்கள் அவை. செய்தித் தமிழை வாசிக்கச் செய்வதே நோக்கம், அந்நோக்கம் நிறைவேறியது. நாம் கேட்பது வேறு. வடமொழிப் ப்ரமாணமும் தமிழ்ப் பாசுரமும் ஒரே வாக்கியத்தில் பின்னிக்கிடக்கும் உரைநடையை அவற்றிடம் கொடுத்துவிட்டு, வந்ததை அப்படியே பதிப்பிப்பது நம் குற்றமேயன்றிக் கருவியின் குற்றமன்று.

தொடங்கிய சொல்லுக்கே திரும்புவோம். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் ளகரமும் ஒரே உருவம். தனியிடம் தந்த எழுத்துருக்களிலும் தட்டெழுதியோர் கைக்கு எளிதான ளகரத்தையே அழுத்தினர். ஆகையால் ‘எகரக் குறி, மெய், ளகரம்’ என்று வரும்போது அது ஸௌலப்யத்தின் ஸௌவா, ‘தெளிவு’ என்பதன் முதலிரண்டு எழுத்துகளா என்று மாற்றி தீர்மானிக்கவேண்டும். விதியொன்றும் வகுக்காத மாற்றி ஸெளலப்யம், ஸெளசீல்யம், கெளஸ்துபம் என்று வரிசையாகத் தரும். எல்லாவற்றையும் ஔகாரமாக்கும் முரட்டு மாற்றி, ‘தெளிவு’ என்பதில் இகரக் குறியைத் தாங்க மெய்யின்றிப் புள்ளிவட்டமொன்றை உண்டாக்கும். இவ்விரண்டில் எது மேல் என்று கேட்டால், இரண்டாவதே மேல் என்பேன். புள்ளிவட்டம் கண்ணில் குத்துகிறது. பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. முதலாவது வகையோ அச்சில் ஏறி, மெய்ப்பு நோக்குவார் கண்ணுக்கும் தப்பி, தேடுபவருக்கு மட்டும் ‘இல்லை’ என்கிறது. கத்தும் பிழை மௌனமான பிழையைவிட நன்று என்பதே மென்பொருள் தேர்வில் தலையாய விதி.

அந்த விதியைக் கொண்டு இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்கலாம். ரகர ஒற்றைத் துணைக்காலின்மேல் புள்ளி வைத்து எழுதிய வழக்கம் கோப்புகளில் நிறைய உண்டு. ‘ஆழ்வார்’ என்பதன் இறுதியில் ரகரமே இல்லாமல் இரண்டு துணைக்கால்களும் ஒரு புள்ளியும் கிடக்கும். பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியவே தெரியாது. இரண்டாவது, ஸ்ரீ. பழைய எழுத்துருக்களில் அது பிரிக்கவொண்ணாத ஒரே வடிவம். யூனிகோடில் அதை ஸகர ஒற்றும் ரீகாரமுமாக எழுதிவந்தனர். 2005இல் ஶகரத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்தபின் ஶகர ஒற்றும் ரீகாரமுமாக எழுதுவதும் வழக்காயிற்று. இரண்டும் திரையில் ஒன்றேபோல் தோன்றும். ஒரு மாற்றி முந்தியதையும் வேறொரு மாற்றி பிந்தியதையும் தர, இருவர் தட்டெழுதிய இரு பாகங்களை ஒரே நூலாக்கினால், ‘ஸ்ரீவைஷ்ணவ’ என்று தேடுபவருக்குப் பாதி நூலே அகப்படும். நம் ஸம்ப்ரதாயத்தின் பெயரே நம் நூல்களில் பாதிக்குப்பாதி மறைந்துகிடப்பதை என்னென்பது!

வர்க்க எழுத்துகளின் நிலை இன்னும் கடுமையானது. தமிழெழுத்தில் வடசொல்லை அச்சிடும்போது க, ச, ட, த, ப வர்க்கங்களை மேலெண் இட்டுக் காட்டுவது வழக்கம். ப²லம் என்றால் பயன். ப³லம் என்றால் வலிமை. கதா² என்பது கதை. க³தா³ என்பது பெருமான் ஏந்தும் தண்டாயுதம். உபாயத்தையும் அதனால் வரும் பேற்றையும் பிரித்துப் பேசும் ஓர் உரைப்பகுதியில் மேலெண் உதிர்ந்து வெறும் ‘பலம்’ என்று நின்றால், வாசிப்பவர் ப்ரகரணத்தைக் கொண்டு ஊகிக்கலாம். கணினியும் சொல்லடைவும் ஊகிக்கமாட்டா. மேலெண் எங்ஙனம் உதிர்கிறது? அச்சக எழுத்துருக்களில் மேலெண்ணுக்குத் தனியிடம் பெரும்பாலும் இல்லாமையால், சாதாரண எண்ணைத் தட்டி, சிறிதாக்கி, உயர்த்தி வைத்தனர். உயரமும் சிறுமையும் வடிவமைப்புச் செய்திகள். கோப்பை வெறும் எழுத்தாகத் திறக்கும் மென்பொருள் அவற்றை நீக்கிவிட, எண் வரியில் இறங்கி நிற்கும். ‘பா’ என்பதையடுத்து 4 என்றிருப்பது வர்க்க எண்ணா, பாசுர எண்ணா என்று பின்னர் யார் சொல்லவல்லார்? சில மாற்றிகள் இதைச் ‘சுத்தம் செய்தல்’ என்று பெயரிட்டு எண்களை அடியோடு நீக்கிவிடுகின்றன. யூனிகோடில் மேலெண்கள் தனிக் குறிகளாக உள்ளன. உயிர்க்குறிக்குப் பின்னரே அவற்றை வைக்கவேண்டும். முன்வைத்தால் புள்ளிவட்டம் எழும். ‘பா⁴வம்’ சரி. இந்த ஒழுங்கை அறிந்த மென்பொருள்களுள் வினோத் ராஜனின் அக்ஷரமுக குறிப்பிடத்தக்கது. மேலெண்ணிட்ட தமிழையும் கிரந்தத்தையும் தேவநாகரியையும் அது ஒன்றுக்கொன்று மாற்றித் தரும். ஆனால் அதன் வேலை லிபிமாற்றம். பழைய எழுத்துருக் கோப்பைத் திறப்பதன்று. திறந்து, யூனிகோடாக்கி, சரிபார்த்த பிறகே அதனிடம் செல்லவேண்டும்.

நம் கோப்புகளுக்கே உரிய பெருஞ்சிக்கல் இன்னொன்று உண்டு. ச்ருதி ஸ்ம்ருதி ப்ரமாணங்களைக் கிரந்த எழுத்திலேயே அச்சிட்ட பதிப்புகளில், ஒரே வரியில் தமிழ் எழுத்துருவும் கிரந்த எழுத்துருவும் மாறிமாறி வரும். இரண்டும் அதே 255 எண்களையே பயன்படுத்துகின்றன. ஓர் எண் தமிழா கிரந்தமா என்பதை அறிவிப்பது கோப்பில் அவ்விடத்தில் பதிவாகியுள்ள எழுத்துருவின் பெயர் ஒன்றே. அப்பெயரை நீக்கினால், கிரந்தப் பகுதியின் எண்கள் தமிழ் எண்களாக வாசிக்கப்பட்டு, உபநிஷத் வாக்யம் இருந்த இடத்தில் பொருளற்ற தமிழெழுத்துத் திரள் நிற்கும். அது தமிழெழுத்தாக இருப்பதால் எந்தக் கருவியும் எச்சரிக்காது. ஆகவே இவ்வகைக் கோப்பில் எழுத்துருவின் பெயர் அலங்காரமன்று, பாடத்தின் ஓர் அங்கம். ‘எழுத்தை மட்டும் எடுத்துத் தருகிறேன்’ என்னும் எந்தக் கருவியும், அது எவ்வளவு விரைவானதாயினும், நமக்கு ஆகாது.

இதனால், வடிவமைப்பையும் எழுத்துருப் பெயரையும் காத்துத் திறக்கும் மென்பொருள் வேண்டும். அச்சகக் கோப்புகளிற் பெரும்பங்கு பேஜ்மேக்கரில் அமைந்தவை. 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, பின்னர் அடோபி வசமான அந்த மென்பொருளின் வளர்ச்சி 2001இன் 7.0 பதிப்போடு நின்றுவிட்டது. அடோபியின் இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு வரையில் பேஜ்மேக்கரின் பிந்திய கோப்புகளைத் திறந்துவந்தது. அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறப்பதில்லை. இன்று எவரும் விலையின்றிப் பெறக்கூடிய வழி லிப்ரேஆபிஸ். கைவிடப்பட்ட கோப்புவகைகளைத் திறக்கவென்றே உழைக்கும் தன்னார்வலர் குழுவின் பணியால், அதன் 4.4 பதிப்பு முதல் பேஜ்மேக்கர் கோப்புகளையும் அது ஏற்கிறது. பக்க அமைப்பு சிதையக்கூடும். பத்திகள் இடம் மாறக்கூடும். பதிப்பாசிரியருக்கு அது பெரிதன்று. எழுத்துருப் பெயர் தங்குகிறதா என்பதே கேள்வி. தங்கினால், கோப்பை அதன் திறந்த ஆவணவகையில் சேமிக்கலாம். அவ்வகைக் கோப்பு ஒரு பொதி. உள்ளே எந்தச் சொல் எந்த எழுத்துருவில் என்பது மனிதர் படிக்கக்கூடிய குறிப்பாகவே எழுதப்பட்டிருக்கும். அதைக்கொண்டு தமிழ்ப் பகுதியைத் தமிழ் அட்டவணையாலும் கிரந்தப் பகுதியைக் கிரந்த அட்டவணையாலும் தனித்தனியே மாற்றலாம். மூல எழுத்துரு கணினியில் நிறுவப்பட்டிருத்தல் நன்று. இல்லாவிடில் திரையில் தெரிவதை நம்பாமல் பெயரை மட்டும் நம்புக.

எந்தப் பதிப்பியிலும் திறப்பதற்குமுன், கோப்பின் எண்களை அப்படியே வரிசையாகக் காட்டும் பதினறும எண்காட்டி ஒன்றில் பார்த்துவிடுவது நலம். அது ஒன்றையும் ஊகிப்பதில்லை. ஆகையால் ஒன்றையும் கெடுப்பதில்லை. புத்தகத்தின் அச்சுப்படி கையிலிருந்தால் முதற்பக்கத்துப் பத்துச் சொற்களை எண்களோடு ஒப்பிட்டே குறியாக்கம் இன்னதென்று கண்டுவிடலாம். வட்டெழுத்துப் படிக்கப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தையன்று.

திஸ்கிக் கோப்பு எழுத்து மட்டுமுள்ளதாயின், லினக்ஸ் கணினிகளில் உடன்வரும் ஐகான்வ் என்னும் சிறு கருவியே போதும். அழகான முகமொன்றும் அதற்கில்லை; கட்டளைவரியில் இயங்குவது. இதனைப் பிறவற்றினும் மேலாக மதிப்பதற்குக் காரணம் ஒன்றே: தனக்குத் தெரியாத எண்ணொன்று வந்தால் அது அங்கேயே நின்றுவிடும், இத்தனையாவது இடத்தில் என் அட்டவணைக்குள் அடங்காதது உள்ளது என்று சொல்லிவிடும். பயன்படுத்துவோர்க்கு இது எரிச்சலூட்டும். எரிச்சலைத் தவிர்க்க, அறியாததை ஓசையின்றி விட்டுச்செல்லும் ஒரு விருப்பையும் அக்கருவியே தருகிறது. வழிகாட்டிக் குறிப்புகளில் அந்த விருப்பைச் சேர்த்தே எழுதுவோரும் உண்டு. வ்யாக்யானக் கோப்பில் அதைத் தொடவேண்டாம். நிற்கும் ஒவ்வோர் இடமும் நமக்கு ஒரு சேதி: தட்டெழுதியவர் தாமே சேர்த்துக்கொண்ட கூட்டெழுத்தாக இருக்கலாம், தட்டின் பழுதாக இருக்கலாம், இடையே புகுந்த கிரந்தமாக இருக்கலாம்.

‘அறியாததை விட்டுவிடாமல், பொருத்தமானதை இட்டு நிரப்பும் புத்திசாலிக் கருவி மேலன்றோ?’ என்னும் கேள்வி எழும். இதற்கு நம் ஐதிஹ்யமே விடையிறுக்கும். நஞ்சீயர் தம் ஒன்பதினாயிரப்படியைப் பிரதிசெய்யும்படி நம்பூர் வரதராஜரிடம் தந்தார். அவர் காவேரியைக் கடக்கையில் வெள்ளம் அதைக் கொண்டுபோயிற்று. ஆசார்யனிடம் கேட்ட அர்த்தங்களை நினைவிற்கொண்டு அவர் மீண்டும் எழுதினார். சில இடங்களில் விசேஷார்த்தங்களும் சேர்ந்தன. நஞ்சீயர் கண்டு உகந்து ‘நம்பிள்ளை’ என்று அழைத்தார். இதில் இரண்டைக் கவனிக்க. நிரப்பியவர் அந்த அர்த்தங்களை ஆசார்யன் திருவடியிலேயே கேட்டவர். நிரப்பியது மூல ஆசிரியரின் திருமுன்பு வைக்கப்பட்டு, வேறுபாடு வேறுபாடென்றே அறியப்பட்டு ஏற்கப்பட்டது. மென்பொருளுக்கு முதல் தகுதி இல்லை. இரண்டாவதற்கு இடமே தருவதில்லை. எழுத்துத் திருத்தி இணைந்த சில பதிப்பிகள் ‘அருளிச்செயல்’ போன்ற பரிபாஷைச் சொற்களை அறியாமல் பக்கத்துச் சொல்லொன்றாக மாற்றுவதும் இத்தகையதே.

வேறொரு பக்ஷமும் உண்டு. இத்தனை பாடு எதற்கு, அச்சுப் புத்தகத்தைப் படமெடுத்து வைத்தால் போதாதா என்பர். படம் போற்றத்தக்கதே, எழுத்துக்குச் சான்றாக நிற்பது படந்தான். தஞ்சை ஸரஸ்வதி மஹால் போன்ற இடங்களில் ஓலைகளுக்கு வேறு வழியில்லை. ஆனால் பிறவி எடுத்தபோதே எழுத்தாக இருந்த ஒன்றைப் படமாக்கி, அப்படத்திலிருந்து ஒளிவழி எழுத்தறியும் கருவியால் மறுபடி எழுத்தாக்க முயல்வது, ஊருக்குள் ஓடும் வாய்க்காலை அடைத்துவிட்டுக் கொள்ளிடத்தில் நீர் மொள்ளச் செல்வதை ஒக்கும். பழைய எழுத்துருவில் செய்த படிமக் கோப்புகளும் இவ்வகைப்பட்டவையே: பார்வைக்குத் தமிழ், நகலெடுத்து ஒட்டினால் குழப்பம்.

அந்த நூலகத்தின் பெயர் வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அங்கே கிரந்தச் சுவடிகளும் உண்டு, மராட்டியர் காலத்து மோடி ஆவணங்களும் உண்டு. அரண்மனையில் அருகருகே கிடந்த அவ்விரு லிபிகளும் யூனிகோடில் 2014 ஜூனில் ஒரே பதிப்பில், 7.0இல், இடம்பெற்றன. அதன்பின் கிரந்தப் ப்ரமாணத்தைத் தமிழெழுத்தில் நெருக்கவேண்டிய தேவை இல்லை. பழைய கோப்பின் கிரந்தப் பகுதியைக் கிரந்தமாகவே மாற்றிவைக்கலாம். திறக்கும் மென்பொருளுக்கும் எழுத்துருவுக்கும் இந்தப் பகுதி தெரியுமா என்பதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளவேண்டும். தெரியாதவை வெற்றுக் கட்டங்களைக் காட்டும். கட்டம் காட்டுவது இழப்பன்று. எழுத்துரு வந்ததும் தெளியும்.

வடமொழியுலகம் இவ்வழியை முன்பே நடந்தது. 1990இல் வியன்னாவில் கூடிய உலக ஸம்ஸ்க்ருத மாநாட்டையொட்டி லத்தீன் எழுத்துப்பெயர்ப்புக்கு ஒரு குறியாக்கம் வகுக்கப்பட்டது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் மின்னூல் தொகுப்பு பல நூல்களை அந்தப் பழைய குறியாக்கத்திலும் யூனிகோடிலும் அருகருகே வைத்திருந்தது. மாற்றியபின் பழையதை எறியாமை அங்கே கற்கவேண்டியது. நாம் பெரும்பாலும் ‘யூனிகோடாக்கி முடிந்தது’ என்று மூலக் கோப்பை அழித்துவிடுகிறோம். மாற்றியின் பிழை பின்னர்த் தெரிந்தால் ஒப்பிட ஒன்றுமிராது.

சரிபார்க்கும் முறைக்கும் நம் வீட்டிலேயே அளவுகோல் உண்டு. ஆறாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று வ்யாக்யானங்களுக்குப் பெயரிட்டது முப்பத்திரண்டு அக்ஷரம் கொண்டது ஒரு படி அல்லது க்ரந்தம் என்னும் கணக்கால். 1928 முதல் பி.பி.எஸ். சாஸ்திரி வெளியிட்ட ஸரஸ்வதி மஹால் விவரணப் பட்டியல்களிலும், சுவடிக்குச் சுவடி ஏட்டளவும் வரியளவும் லிபியும் க்ரந்த எண்ணிக்கையும் குறிக்கப்பட்டிருக்கக் காணலாம். அதையே கோப்புக்கும் செய்க. நூற்பெயரில் நிற்கும் எண் முழுவெண்ணாதலின் அதைக்கொண்டு ஓரெழுத்து ஈரெழுத்துக் குறைவை அறியமுடியாது. ஆனால் மாற்றுவதற்குமுன் எத்தனை மெய், எத்தனை எகரக் குறி, எத்தனை ஸ்ரீ என்று எண்ணி, மாற்றியபின் மறுபடி எண்ணினால், எங்கே எது உதிர்ந்தது என்பது அரைமணி நேரத்தில் வெளிப்படும். யூனிகோடிலிருந்து பழைய குறியாக்கத்துக்குத் திருப்பி மாற்றி, மூலத்தோடு எண்ணுக்கெண் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் நன்று. திருப்பி மாற்றும் வசதியில்லாத மாற்றியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

பெரியாழ்வார் திருமொழிக்குச் சேங்கனூர்ப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப்போக, மணவாளமாமுனிகள் போன பகுதிக்கு மட்டும் உரை அருளி, பழைய உரை எஞ்சியிருந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார் என்பர். எது யாருடையது என்பது இன்றும் பதிப்புகளில் தெளிவாக நிற்கிறது. கோப்பிலிருந்து நூல் பதிப்பிப்போர் அவதாரிகையில் மூன்று வரி எழுதினால் போதும்: மூலக் கோப்பின் எழுத்துருப் பெயர், திறந்த மென்பொருளும் அதன் பதிப்பெண்ணும், கருவி நின்ற இடங்களில் கையால் நிரப்பியவை எவை என்பது.